ஏன் ஹனாயா

பாஸ்டர் தமிழரசு எருசலேமுக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தார். வந்த மறுவாரமே, நாமக்கல்லில் திருச்சி சாலையோரம் லாரிப் பட்டறைகளுக்கு நடுவே இருந்த அவருடைய சின்னச் சபையில் ஞாயிறு பள்ளி என்ற பலகை இறங்கி, எபிரேயப் பள்ளி என்ற பலகை ஏறியது. தன்னை இனி யாரும் பாஸ்டர் என்று கூப்பிடக் கூடாது, யூத குருமாரைப் போல ரபி என்றுதான் கூப்பிட வேண்டும் என்று ஆராதனை நேரத்திலேயே அறிவித்தார். தமிழின் மேல் உயிரை வைத்திருந்த ஒரு தகப்பன் பார்த்துப் பார்த்து வைத்த பெயர் தமிழரசு. மகனுக்கு ஐம்பது வயதில், ஆண்டவருக்குத் தமிழ் சரியாகக் காதில் விழுவதில்லை என்று தெரியவந்துவிட்டது.

அதுவரை அந்தப் பள்ளியில் பிள்ளைகள் பாட்டுப் பாடுவார்கள், கதை கேட்பார்கள், முடிந்ததும் ஆளுக்கொரு வேகவைத்த முட்டை தின்பார்கள். முட்டை, பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் மருதாசலம் அனுப்புவது. அவர் அந்தச் சபைக்காரர் இல்லை. கவுண்டர் வீட்டு மனுஷர், ஆடி பதினெட்டுக்குக் கிடா வெட்டுகிறவர். பிள்ளைகள் சாப்பிடட்டும் என்பதற்கு மேல் அவருக்கு வேறு காரணம் கிடையாது. புதிய ரபி முட்டையை நிறுத்தினார். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் முட்டையா தின்றார்கள்? அதற்குப் பதில் புளிப்பில்லாத அப்பம் வந்தது. அதாவது உப்புப் போடாத சப்பாத்தி. மதிலுக்கு வெளியே படுத்திருக்கும் நாய்கள் அந்த மாதத்தில் நன்றாக உடம்பு வைத்தன.

பாடங்களும் மாறின. யோர்தான் நதி எங்கே பிறந்து எங்கே விழுகிறது என்று பிள்ளைகள் ஒப்பித்தார்கள். ஊருக்குப் பக்கத்தில் ஓடும் திருமணிமுத்தாறு எங்கே பிறக்கிறது என்று கேட்டால் விழித்தார்கள். ரபி கொண்டுவந்த ஆட்டுக்கடாக் கொம்பை ஊதினால்தான் வகுப்பு தொடங்கும். அதன் சத்தத்தைக் கேட்டு, பின்னால் வரும் வண்டி வழி கேட்கிறது என்று நினைத்துச் சாலையில் போகும் லாரி பதிலுக்கு ஹாரன் அடித்துவிட்டுப் போகும்.

எல்லாவற்றுக்கும் மகுடமாக வாசலுக்கு மேல் ஒரு மஞ்சள் பேனர். அதில் ஆளுயரத்துக்கு எபிரேய எழுத்துகள். எருசலேமில் ஒரு பழைய கல்வாசல் மேல் இருந்த எழுத்து அது என்றும், அதைக் கண்டதும் தன் முழங்கால் தானாக மடங்கியது என்றும் ரபி சொன்னார். கைபேசியில் படம் பிடித்துக்கொண்டார். வழியில் போன ஒருவரை நிறுத்தி வாசிக்கச் சொல்லி அதையும் பதிவு செய்துகொண்டார். 'ஏன் ஹனாயா.' பொருளை மட்டும் அவர் யாரிடமும் கேட்கவில்லை. பரிசுத்த பாஷைக்குப் பொருள் மனுஷரிடம் கேட்பது அவிசுவாசம். விமானத்தில் திரும்பி வரும்போது, சாப்பாடு முடிந்த பிறகு, பொருள் அவருக்கே அருளப்பட்டது: 'கர்த்தர் இந்த வாசலில் தங்குகிறார்.'

அந்த வரியைப் பிள்ளைகள் வாரந்தோறும் கூவினார்கள். பொல்லாத பையன்கள் 'ஏன்டா நாயா' என்று கூவி, வெயிலில் நின்றார்கள். விசுவாசிகள் சிலர் அதைத் தங்கள் லாரி நெற்றியில் எழுதிக்கொண்டார்கள். தங்குகிறவர் லாரியிலும் தங்கட்டுமே.

அதன் உண்மைப் பொருள் அந்தச் சபையில் ஒரே ஒருத்திக்குத் தெரியும். அவள் பாப்பாயி.

போர்வெல் வண்டியில் வேலைக்குப் போன புருஷன் ஆந்திராவில் இறந்தபின், மூன்று வயது மகள் யுவஸ்ரீயை எருமப்பட்டியில் தங்கையிடம் விட்டுவிட்டு, பாப்பாயி இஸ்ரேலில் ஹைஃபா என்ற ஊருக்கு வேலைக்குப் போனாள். ஷோஷனா என்ற ஒரு முதிய அம்மாளைக் குளிப்பாட்டி, துடைத்து, ஊட்டி, ஏழு வருஷம் பார்த்துக்கொண்டாள். அந்த அம்மாளுக்கு எபிரேயம் தவிர வேறு பாஷை பிடிக்காது. அதனால் பாப்பாயிக்கும் அது பேச்சும் எழுத்துமாக வந்துவிட்டது. அந்த வீட்டு வாசலில், சக்கர நாற்காலி இறங்கும் சரிவுக்கு நேரே ஒரு மஞ்சள் பலகை உண்டு. அதை மறைத்து எவனாவது காரை நிறுத்தினால் ஷோஷனா அம்மாள் கைத்தடியால் பலகையைத் தட்டித் தட்டி, தெருவே கேட்கக் கத்துவாள்: "ஏன் ஹனாயா! ஏன் ஹனாயா!"

இங்கே வண்டி நிறுத்தாதே.

அந்த அம்மாள் இறந்த பிறகு பாப்பாயி ஊர் திரும்பி, நாமக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆயாவாகச் சேர்ந்து, மகளைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டாள். தாயை ஏழு வருஷம் போனில் மட்டும் பார்த்த பிள்ளை அது. 'பேம்பர்ஸ் ஆயா மக' என்று மற்ற பிள்ளைகள் அதைக் கூப்பிட்டதும், அதற்காக அது தாயோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததும் பாப்பாயிக்குத் தெரியும். பேனர் ஏறிய நாளிலேயே அவள் வாசித்துவிட்டாள். ஆனால் அந்த வரியை முதல் ஆளாய் நின்று சொல்ல வகுப்பு டீச்சர் தேவிப்ரியா தேர்ந்தெடுத்தது யுவஸ்ரீயை. தொண்டைக்குள்ளிருந்து வர வேண்டிய அந்த 'ஹ' அவளுக்குத்தான் சரியாக வந்ததாம். பிள்ளை தலை நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தது. பாப்பாயி வாயை மூடிக்கொண்டாள்.

எட்டு மாதம் அப்படியே போயிருக்கும். மருதாசலம் தம் பண்ணையில் குஞ்சு பொரிக்கும் புது மெஷின் வாங்கினார். அதை மாட்டிக் கொடுக்க இஸ்ரேலிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்திறங்கினான். செய்தி கேட்ட ரபிக்குத் தூக்கம் போயிற்று. ஆபிரகாமின் வித்து நாமக்கல்லுக்கு வந்து, கோழிகளுக்கு மட்டும் தரிசனம் கொடுத்துவிட்டுப் போவதா? மருதாசலத்தைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையாண்டானை அழைத்துவரச் சம்மதம் வாங்கிவிட்டார். வாசலில் இருபத்து மூன்று பிள்ளைகள் வரிசையாய் நின்று, எபிரேயத்தில் வரவேற்பு சொல்வார்கள்.

அது பாப்பாயி காதுக்கும் வந்தது. எபிரேயம் தெரிந்த ஒருவன் முன்னால் தன் மகள் நிமிர்ந்து நின்று 'வண்டி நிறுத்தாதே' என்று கூவப் போகிறாள். அவன் சிரிப்பான். சிரிக்காமல் எப்படி இருப்பான்? ஊர் சிரிக்கும். அதற்கப்புறம் அந்தப் பிள்ளையின் தலை எப்போது நிமிரும்?

அன்று சாயங்காலமே ரபியின் வீட்டுக்குப் போனாள்.

"ஐயா, ஒரு சேதிங்க. அந்த பேனர்ல இருக்கறது வசனமில்லீங்க. வண்டி நிறுத்தாதேன்னு எழுதியிருக்குதுங்க. நோ பார்க்கிங்குங்க."

ரபி கோபப்படவில்லை. பெரியவர்களுக்கே உரிய அந்தச் சிரிப்புச் சிரித்தார். "பாப்பாயி, நீ அங்க எந்த யுனிவர்சிட்டியில படிச்ச?"

"படிக்கலீங்க. ஒரு அம்மாவப் பாத்துக்கிட்டேனுங்க."

"பாத்துக்கறதுன்னா?"

"குளிப்பாட்டறது, தொடைக்கறது…"

"அதான் சொல்றேன். நீ கத்துக்கிட்டது மூத்திரச் சட்டி எபிரேயம். மோசே பேசுன எபிரேயம் வேற."

"எழுத்து ஒண்ணுதானுங்களே."

"எழுத்தப் பாக்காத. ஆவியப் பாரு." பிறகு குரலைத் தணித்தார். "உம் பொண்ணுக்கு மொத வரிசை குடுத்திருக்குது. பெத்தவளுக்கே அது பொறுக்கலையா? வேண்டாம்னா சொல்லு, பின்னால நிறுத்திடறேன்."

பாப்பாயி திரும்பி நடந்தாள். வேதம் வாசிக்கிற மனுஷன் இப்படியும் பேசுவானா என்று வாசிக்காதவர்கள்தான் ஆச்சரியப்படுவார்கள். வாசித்து வாசித்து நெஞ்சு காய்த்துப்போனவர்கள் எத்தனையோ பேர்.

வீட்டில் யுவஸ்ரீ கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டிருந்தாள். பாப்பாயி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "கண்ணு, அந்த வரியில…"

"அம்மா, ஞாயித்துக்கெழம நீ சபை சமையக்கட்டுலயே இருந்துக்க," என்றாள் மகள், கண்ணாடியைவிட்டுத் திரும்பாமல். "முன்னால வந்து நின்னீன்னா, அங்க என்ன வேலை பாத்தேன்னு அந்த மாமா கேப்பாரு. எல்லாருக்கும் கேக்கும்."

பாப்பாயி எழுந்துகொண்டாள். இரவெல்லாம் முழங்காலில் நின்று பாப்பாயி ஜெபித்தது ஒரே ஜெபம்தான். அதையும் தமிழில்தான் ஜெபித்தாள். 'என் பிள்ளை அவமானப்படக் கூடாது, சாமி.'

ஞாயிறு வந்தது. ரபி வெள்ளை அங்கி போட்டு, தோளில் நீலக்கரைச் சால்வை போர்த்தி, கொம்போடு நின்றார். பேனருக்கு அடியில் பிள்ளைகள் வரிசை, நடுவே யுவஸ்ரீ. மருதாசலத்தின் கார் நேராக வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. முதலில் மருதாசலம் இறங்கினார். பின்னால் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன். அரைக்கால் சட்டை, வெயிலில் சிவந்த மூக்கு, தலைமுடியில் கோழி இறகு. தாடி இல்லை.

"இவருங்களா?" என்றார் ரபி, நம்ப முடியாமல். "பேரு?"

"அமித்துங்க. நானும் மொதல்ல பீகார்ப் பையன்னுதான் நெனச்சேன்."

முற்பிதாக்களின் பெயர் ஒன்றை எதிர்பார்த்திருந்த ரபி அந்த ஏமாற்றத்தை விழுங்கிக்கொண்டு கொம்பை ஊதினார். யுவஸ்ரீ ஒரு கையை உயர்த்தினாள். இருபத்து மூன்று குரல்கள் ஒன்றாய் வெடித்தன.

"ஏன் ஹனாயா!"

அமித் திடுக்கிட்டான். பிள்ளைகளைப் பார்த்தான். நிமிர்ந்து பேனரைப் பார்த்தான். திரும்பித் தான் வந்த காரைப் பார்த்தான். அவன் முகம் வெட்கத்தில் இன்னும் சிவந்தது. "ஸ்லிஹா, ஸ்லிஹா," என்று இரண்டு கையையும் தூக்கி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓடி, டிரைவரிடம் பின்னால் எடு, பின்னால் எடு என்று கையைக் காட்டினான். கார் பின்னால் போனது. அவனும் அதோடு கூடவே ஓடினான்.

"பாருங்க!" ரபியின் குரல் தழுதழுத்தது. "பரிசுத்த வாசல்ல நிக்கப் பயந்து பின்வாங்கறாரு! ஆபிரகாமின் ரத்தம்! அதுக்குத் தெரியுது!"

"அல்லேலூயா!" என்றது சபை. இரண்டு பெண்கள் அழுதார்கள்.

"என்ன பாஸ்டரே, ஏன் ஏன்னு கத்துறாங்க, வந்தவரு ஓடறாரு?" என்றார் மருதாசலம்.

கார் ஒரு பட்டறை ஓரமாய் நின்றது. அமித் திரும்பி வந்தான். இப்போது அவன் உதட்டோரம் துடிக்க ஆரம்பித்திருந்தது. ஏதோ விளங்கத் தொடங்கிவிட்டது. மருதாசலத்தைப் பார்த்து ஆங்கிலத்தில், "மிஸ்டர் மருது, ஒய் த சில்ட்ரன் சே நோ…" என்று ஆரம்பித்தான்.

அடுத்த சொல் அவன் வாயிலிருந்து விழுந்தால் முடிந்தது. அந்தச் சொல், லாரி ஊரான நாமக்கல்லில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். சமையல்கட்டு வாசலில் நின்ற பாப்பாயி எப்படி அத்தனை பேரை விலக்கிக்கொண்டு வந்தாளோ, ஈரக்கையோடு அவன் முன்னால் நின்றாள். எபிரேயத்தில் மளமளவென்று பேசினாள்.

"தம்பி, ஒரு நிமிஷம். அவர்களுக்கு அர்த்தம் தெரியாது. ஆசீர்வாதம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உங்களுக்காக ஒரு வாரமாய்ப் பழகினார்கள். நடுவில் நிற்பது என் மகள். தயவுசெய்து சிரிக்காதீர்கள்."

அமித் எபிரேயத்திலேயே கேட்டான். "அம்மா, நீங்கள் என்ன ஹைஃபாவின் எண்பது வயதுக் கிழவி மாதிரி பேசுகிறீர்கள்?"

"எண்பத்தாறு," என்றாள் பாப்பாயி. "அவரிடம்தான் கற்றேன். அவரைக் குளிப்பாட்டினேன்."

அவன் கீழுதட்டைப் பல்லால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். கண்ணில் நீர் தளும்பியது. அது எந்த நீர் என்று பாப்பாயிக்குத் தெரியும். ஆனால் சத்தம் வெளியே வரவில்லை. போய்ப் பிள்ளைகள் முன்னால் முழங்காலிட்டு, எபிரேயத்தில் பேசினான். ஒரு முன்பின் தெரியாத மனுஷன் ஒரு பிள்ளைக்காக விழுங்கிய அந்தச் சிரிப்புக்கு முன்னால், அந்த வாசலில் எட்டு மாதமாய் ஊதப்பட்ட கொம்பெல்லாம் எம்மாத்திரம்?

"என்ன சொல்றாரு? என்ன சொல்றாரு?" ரபி பரபரத்தார். அவர் படித்த எபிரேயம் விமானத்தோடு சரி.

அமித் சொன்னதைப் பாப்பாயி ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். "பிள்ளைங்க குரல் நல்லா இருக்குதாங்க. ஊரவிட்டு வந்து ஒரு மாசமாச்சாம். அவரு பாஷையில அவருகிட்ட யாருமே பேசலையாம். இன்னிக்கு இத்தன பேர் பேசினதுக்கு நன்றிங்கறாருங்க."

"தீர்க்கதரிசனமா ஏதாச்சும்?"

"பசிக்குதுங்கறாருங்க."

யுவஸ்ரீ தாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அமித் பாப்பாயி மூலம் பிள்ளைகளிடம் என்ன படித்தீர்கள் என்று கேட்டான். ஒரு வரி தவிர ஒன்றும் படிக்கவில்லை. எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அவன் தான் படித்த கதையைச் சொன்னான். அவனுடைய அப்பா அவனை நான்கு வயதில் அவர்கள் மதப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டாராம். அழுதானாம். ஆசிரியர் எழுத்து அட்டையை மடியில் வைத்து, முதல் எழுத்தின் மேல் தேன் தடவி, நக்கு என்றாராம். எழுத்தும் படிப்பும் இனிக்கும் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அவர்களிடம் இருக்கும் பழைய வழக்கம் அது. "இங்கே தேன் இருக்கிறதா?" என்றான்.

"தேன் கேக்கறாருங்க," என்றாள் பாப்பாயி.

சபை முழுக்க ரபியைப் பார்த்தது. இருந்தது. இஸ்ரவேல் தேசத்துத் தேன் என்று ஒரு பாட்டில் அவர் பீரோவில் பூட்டிக் கிடந்தது. விசேஷக் காணிக்கை தருகிறவர்கள் நாக்கில் மட்டும் ஒரு சொட்டு விழும். இப்போது ஆபிரகாமின் வித்தே கேட்கும்போது இல்லையென்று எப்படிச் சொல்வது? சாவியை எடுத்துக்கொண்டு போனவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர் போல் திரும்பி வந்தார்.

பாட்டிலில் இருந்த எழுத்தைப் பாப்பாயி பார்த்தாள். தேன் இல்லை, பேரீச்சம்பழப் பாகு. அமித்தும் பார்த்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இனிப்பு இனிப்புதானே.

சப்பாத்தித் தட்டுகளைக் கழுவி எடுத்து வந்தார்கள். அமித் விரலால் ஒவ்வொரு தட்டிலும் பாகினால் எழுத்து எழுதினான். பிள்ளைகள் எழுத்தின் பெயரைச் சொல்லிவிட்டு நக்கினார்கள். "எனக்கு இன்னொரு எழுத்து!" என்று ஒரு பையன் கத்தினான். எட்டு மாதத்தில் நுழையாத எபிரேயம் அரை மணியில் மூன்று எழுத்து உள்ளே போனது. பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டும் வரை ரபி ஒரு ஓரமாய் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மருதாசலம், "நல்ல பள்ளிக்கூடம்டா சாமி," என்று சொல்லிவிட்டு, டிரைவரைப் பண்ணைக்கு அனுப்பி இரண்டு அட்டை முட்டை வரவழைத்தார்.

எல்லாரும் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பாப்பாயியிடம் ரபி வந்தார். சால்வையைக் கழற்றியிருந்தார்.

"அவரு மொதல்ல ஓடறப்ப ஏதோ சொன்னாரே… ஸ்லிஹாவோ என்னமோ."

"மன்னிச்சுக்கங்க, வண்டிய எடுத்துடறேன்னாருங்க."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ரபி வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். "பிள்ளைங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. நானா யாருக்கும் சொல்ல மாட்டேனுங்க. எம் பொண்ணு கேட்டா மட்டும் பொய் சொல்ல மாட்டேன்."

ஒரு நன்றி சொல்லியிருக்கலாம். மன்னித்துக்கொள் என்று தமிழிலேயே சொல்லியிருக்கலாம்; பாப்பாயிக்குப் புரிந்திருக்கும். "தட்ட நல்லா தேய், பிசுபிசுன்னு இருக்குது," என்று சொல்லிவிட்டுப் போனார் அந்த மனுஷன். அன்று மாலையே பேனரைக் கழற்றினார். அடுத்த வாரம், காற்றில் கிழிந்துவிட்டது என்று சபையில் சொன்னார். காற்று பாவம், எதிர்த்துப் பேசாது.

பஸ்ஸில் யுவஸ்ரீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உழவர் சந்தை தாண்டியதும் கேட்டாள். "அந்த மாமா ஏன் காரத் தள்ளி நிறுத்தினாரு?"

பாப்பாயி சொன்னாள்.

பிள்ளையின் முகம் கறுத்தது. "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் கண்ணு."

"அப்ப ஏன் எங்கிட்டச் சொல்லல? நான் லூசு மாதிரி கைய வேற தூக்கிக் கத்துனேன்!"

"சொல்லியிருக்கோணும். நீ அத்தன சந்தோசமா இருந்தியா, எனக்கு மனசு வரல. தப்புத்தான்."

யுவஸ்ரீ அழுவாள் என்று பாப்பாயி நினைத்தாள். அவள் அழவில்லை. இரண்டு நிறுத்தம் போனது.

"அந்த மாமா சிரிக்கவே இல்லையே."

"சிரிக்க வேண்டாம்னு கேட்டுக்கிட்டேன்."

"எபிரேயத்துலயா? எல்லாரும் பாக்க வந்து நின்னு பேசுனியே, அதா?"

"அதான். நீ வராதேன்னு சொன்ன. இருந்தாலும் வந்துட்டேன்."

யுவஸ்ரீ ஜன்னல் கம்பியைவிட்டுக் கையை எடுத்தாள். "எப்படிச் சொன்ன? சொல்லிக் காட்டு."

"பெவகஷா, அல் திட்ஸ்ஹாக்."

"இதுக்கு நெசமாவே அதான் அர்த்தமா? ஏமாத்தலையே?"

"நெசமாத்தான்."

யுவஸ்ரீ மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "பெவகஷா… அல் திட்ஸாக்."

"ஹ தொண்டையில இருந்து வரோணும்."

"அது எனக்குத் தெரியும், நீ சும்மா இரு," என்று அதட்டிவிட்டு, தாயின் தோளில் சாய்ந்துகொண்டு மறுபடி சொன்னாள். இந்த முறை சரியாக வந்தது. முன் இருக்கையில் இருந்த ஒரு ஆள் திரும்பிப் பார்த்து, இது என்னடா பாஷை என்று சிரித்தான்.

"பெவகஷா, அல் திட்ஸ்ஹாக்," என்றாள் யுவஸ்ரீ அவனிடம், பஸ் முழுக்கக் கேட்கும்படி.